எஸ்கேப் ரோடு என்று மட்டும் எழுதாதீர்கள்

தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், கொடைக்கானல் மலைக்காட்டைக் காத்துவரும் வனத்துறையினருக்கும் வணக்கம்.

கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரி வழியாக மூணாறுக்குப் போன, இப்போது மூடிக்கிடக்கிற பழைய ரோட்டைப் பற்றி, பலரும் 'எஸ்கேப் ரோடு' என்று சொல்கிற ரோட்டைப் பற்றி, இந்த மடலை எழுதுகிறேன். அதைத் திறக்கச் சொல்லிக் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த ரோட்டின் பேரை யார் எடுத்தாலும் அடுத்த பேச்சு 'எப்போது திறப்பார்கள்' என்றுதான் வருகிறது. சீசன் வந்தால் வரும், தேர்தல் வந்தால் கட்டாயம் வரும். எனக்கு வேண்டியது வேறு. அந்த ரோட்டின் கதையை நீங்கள் முழுசாக எழுதிவைக்க வேண்டும். எழுதியதை மோயர் பாயிண்டில், பேரிஜம் சாலை பிரிகிற இடத்தில், எல்லோரும் படிக்கிற மாதிரி வைக்க வேண்டும்.

நான் பூம்பாறைக்காரி. அப்பா அந்த ரோட்டில் கேங் வேலை பார்த்தவர். இப்போது சாலைப் பணியாளர் என்கிறார்கள், அன்றைக்கு எங்கள் ஊரில் 'கேங் கூலி' என்றுதான் சொல்வார்கள். மண்வெட்டி, கடப்பாரை, இரும்புச் சட்டி, ஒரு சாக்கு. சாக்கு மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ள.

எங்கள் மலைக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதனால் புரட்டாசி முழுக்க அவர்களுக்குப் பாலத்து வேலை. பாலம் என்றால் ஆறு தாண்டுகிற பாலம் இல்லை. ரோட்டுக்கு அடியில் மலைத்தண்ணீர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதற்குக் கருங்கல்லில் கட்டிய சின்னச் சின்ன வழிகள். அப்பா ரோட்டோரம் குப்புறப் படுத்து, தோள்பட்டை வரை கையை உள்ளே விட்டு, வாட்டில் மரத்தின் சருகை அள்ளி அள்ளி வெளியே போடுவார். பள்ளி லீவு நாளில் சோற்றுத் தூக்கோடு போய் நான் பார்த்திருக்கிறேன். சருகு கறுப்பாக, கூழ் மாதிரி வரும். அடைப்பு எடுபட்டதும் உள்ளே தேங்கிய தண்ணீர் ஒரு மடக்காகப் போகிற சத்தம் கேட்கும். அது கேட்ட பிறகுதான் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவார். ஒரு பாலம் அடைத்துக்கொண்டால் போதும், ஒரே ராத்திரியில் தண்ணீர் ரோட்டின் மேல் ஏறி, பள்ளத்துப் பக்கம் உள்ள சுவரைப் பெயர்த்துக்கொண்டு போய்விடும் என்பார். பொங்கலுக்கு முன்னால் கல்லுக்கு வெள்ளையடிப்பு. கிலோமீட்டர் கணக்கு வந்த பிறகும் பழைய பர்லாங் கல்லுக்கும் சேர்த்தே சுண்ணாம்பு அடித்தார்கள். அடிக்கச் சொல்லி யாரும் உத்தரவு போட்டிருக்க மாட்டார்கள். கல் நிற்கிறது, அடித்தார்கள், அவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு அந்த ரோட்டைப் பற்றிப் பேசுகிற யாருடைய பேச்சிலும் இந்த மனிதர்கள் இல்லை. நான் வேலை பார்க்கிற விடுதிக்கு வருகிறவர்கள் என்னிடம் 'எஸ்கேப் ரோடு எங்கே இருக்கிறது' என்று கேட்கிறார்கள். ஜப்பான்காரன் மெட்ராசைப் பிடித்தால் வெள்ளைக்காரர்கள் கொடைக்கானல் வழியாக மலை மேலேயே போய் மூணாறில் இறங்கி, கொச்சித் துறைமுகத்தில் கப்பல் ஏறித் தப்பிப்பதற்காகப் போட்ட ரோடு என்று சொல்லக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கதை பொய் இல்லை. 1942 ஏப்ரலில் நடந்தவை சாதாரணமான சங்கதிகள் இல்லை. 5ஆம் தேதி கொழும்பின் மேல் குண்டு விழுந்தது. மறுநாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலை. மெட்ராஸ் நகரத்தை விட்டு ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று மிருகக்காட்சிசாலையில் இருந்த புலி, சிங்கங்களைச் சுட்டே கொன்றார்கள். அந்தப் பயத்தில் இந்த ரோட்டையும் ஒரு தப்பும் வழியாகச் சீர்படுத்தி வைத்தார்கள்.

ஆனால் ரோடு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இதை யாரும் சொல்வதில்லை. மோயர் பாயிண்ட் என்ற பேரே சாட்சி. சர் தாமஸ் மோயர் 1929இல் அடிக்கல் நாட்டிய கோஷன் ரோடுதான் இது. கோஷன் அப்போதைய மெட்ராஸ் கவர்னர். 1929 என்றால் ஜப்பான் பயத்துக்குப் பதின்மூன்று வருஷம் முந்தி. அதற்கும் முன்னால் பேரிஜத்தைக் கண்ணில் வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் உண்டு, டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி. பழனி மலையை அளந்து படம் வரைந்தவர். பேரிஜம் பக்கம் ஒரு காலத்தில் பெரிய ஏரி இருந்திருக்கிறது, அதைத் திரும்பக் கட்டிப் பட்டாளத்துக்கு ஒரு மலைவாசஸ்தலம் அமைக்கலாம் என்று 1864 வாக்கிலேயே எழுதினார். பேரிஜத்துக்கு ஹாமில்டன் கோட்டை என்ற பேர் அப்படி வந்தது. நம் ஜனங்கள் நடந்த தடம் இதற்கெல்லாம் மூத்தது. பெரியகுளத்துப் பக்கமிருந்து வெள்ளகவி வழியாக மலை ஏறி வந்த பாதையில்தான் முதல் வெள்ளைக்காரர்களும் ஏறி வந்தார்கள். அந்த வெள்ளகவி கொடைக்கானலுக்கு வழி காட்டிய ஊர், அதுவே வெகுகாலம் ரோடு இல்லாமல் கிடந்தது.

ஜப்பான் படை தமிழ்நாட்டுக் கரையில் இறங்கவே இல்லை. தப்பிப்பதற்காகச் சீர்படுத்திய ரோட்டில் யாரும் தப்பி ஓடவேண்டி வரவில்லை. அப்படியானால் 1942க்குப் பிறகு நாற்பத்தெட்டு வருஷம் அந்த ரோட்டில் போனது யார்? எந்தப் பயணக் குறிப்பிலும் இதற்குப் பதில் இல்லை. எங்கள் வீட்டில் இருக்கிறது.

என் அத்தையை, அப்பாவின் தங்கையை, கோவிலூரில் கட்டிக்கொடுத்தார்கள். கோவிலூர், வட்டவடை எல்லாம் இப்போது கேரளத்து இடுக்கி மாவட்டம். மொழி தமிழ்தான், பயிர் எங்கள் பயிர்தான், சனம் எங்கள் சனம்தான். கொள்வினை கொடுப்பினை தலைமுறையாக இருக்கிறது. வெறும் கையோடு போவதென்றால் மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று போய் அங்கிருந்து காட்டுத் தடத்தில் நடந்துவிடுவார்கள். சாமான் செட்டு இருந்தால் நடை சரிப்படாது. கல்யாணத்துக்கு அண்டா, குண்டான், பாய், தலையணை, மூன்று மூட்டை அரிசி இத்தனையும் ஏற்றி லாரியில் பேரிஜம் வழியாகப் போனார்கள். அந்த லாரி வாட்டில் பட்டை ஏற்றப் போன லாரி. தோல் பதனிடுவதற்காகப் பட்டையை உரித்துக் கட்டுக் கட்டாக மலையை விட்டு இறக்கிக்கொண்டிருந்த காலம் அது. டிரைவர் வாடகை வாங்கவில்லை, பெண் வீட்டுக்குச் செய்கிற சீராக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். மதிகெட்டான் சோலை தாண்டும்போது பெண்ணை நடுவில் உட்காரவைத்துச் சுற்றிப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். உள்ளே போனவனுக்குத் திசை மறந்து மதி கெட்டுவிடும் என்று பேரான சோலை, புதுப்பெண் கண்ணில் படவேண்டாம் என்று கிழவிகள் முந்தானையால் மறைத்துக்கொண்டார்கள். வந்தரவு மலைக்குப் பக்கத்தில் ரோடு கிட்டத்தட்ட 2,500 மீட்டர் உயரத்தில் போகும். அங்கே லாரியை நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, எல்லோரும் கடுங்காப்பி குடித்தார்கள். பாம்பாடும் சோலைப் பக்கம் இறங்கி, மிச்சத்துக்கு நடை. அத்தை இதை எத்தனை தடவை சொன்னாலும் அந்தக் கடுங்காப்பியில் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிடுவார்.

அப்புறம் வருஷா வருஷம் எங்கள் ஊர்க் குழந்தை வேலப்பர் கோவில் தேருக்கு அத்தை வந்துவிடுவார். வரும்போது ஒரு கட்டுப் பூண்டு. தாளோடு பின்னி, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டு எடுத்த பூண்டு. எங்கள் வீட்டிலும் அதே மாதிரிதான் தொங்கும். என்றாலும் அதை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, 'உங்க ஊருப் பூண்டுக்குக் காரம் கொஞ்சம் தூக்கல்' என்று அப்பா சொல்வார். போகும்போது எங்கள் பூண்டு ஒரு கட்டு அந்தப் பக்கம் போகும். விதைக்கு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த சில வருஷத்தில் காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்கும் கிடைத்தது. இரண்டு மாநிலத்துக்கு இரண்டு குறியீடு. நடுவில் இருப்பது இந்தக் காடும், இந்த மூடின ரோடும். விதை எப்படிப் போய் வந்தது என்று கேட்டால் ரோட்டைத்தான் காட்டவேண்டும்.

மூணாறு பக்கமும் நம் ஆட்கள் பாடுபட்ட கதைதான். மூணாறுக்கு மேலே இருக்கிற டாப் ஸ்டேஷன் என்ற இடத்துக்குப் போகிறவர்கள் ஸ்டேஷன் எங்கே என்று தேடுகிறார்கள். மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக 1902இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாட்டை வைத்து இழுத்தார்கள். 1908இல் அதைச் சின்ன ரயிலாக மாற்றினார்கள். தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, வண்டி கட்டிப் போடிக்குப் போனது. 1924 வெள்ளத்தில் ரயில் அடித்துக்கொண்டு போய்விட்டது, பேர் மட்டும் நின்றுவிட்டது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை உள்ள ரோடு இன்றைக்கும் கேரளத்தின் மாநில நெடுஞ்சாலை, 18ஆம் எண். அந்த எண் டாப் ஸ்டேஷனோடு முடிந்துவிடுகிறது. இந்தப் பக்கம் தொடர்ந்த ரோடு வரைபடத்தில் காட்டுக்குள் ஒரு மெல்லிய கோடு. சிலதில் அதுவும் இல்லை.

1990 வாக்கில் மூடினார்கள். காரணம் பல சொன்னார்கள், கஞ்சா, மரக்கடத்தல், இரண்டு மாநிலத்துக்கும் இடையில் ஒத்துவராதது, காட்டைக் காப்பது என்று. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு நாள் கேங்கை வேறு ரோட்டுக்கு மாற்றினார்கள் என்பதுதான். அப்பா அதற்குப் பிறகும் ஒவ்வொரு மழை முடிந்ததும், பேரிஜம் போய்வந்த டிரைவர் யாராவது கிடைத்தால் நிறுத்திக் கேட்பார். அந்தப் பாலம் நிற்கிறதா, இந்தச் சுவர் நிற்கிறதா என்று. அவர்கள் பேரிஜத்தோடு திரும்பியவர்கள், அதைத் தாண்டி இருப்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள். தெரிந்தும் கேட்பார்.

சரி, இவ்வளவு ஆசை இருக்கிறவள் திறக்கச் சொல்லித்தானே கேட்கவேண்டும்? நான் கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் கணக்கு எழுதுகிறேன். ரோடு திறந்தால் மூணாறு கூட்டம் முழுக்க எங்கள் வாசலுக்கு வரும். இப்போது கொடைக்கானலிலிருந்து மூணாறு போக வத்தலக்குண்டு வரை இறங்கி, தேனி, போடி என்று சுற்றி, போடிமெட்டில் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, 150 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். பழைய வழி கிட்டத்தட்ட அதில் பாதி. முதலாளிமார்கள் திறக்கச் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் வாசலில் நிற்கிற வண்டியையும் நான்தான் தினமும் பார்க்கிறேன். 2024 மே மாதத்திலிருந்து உயர்நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் இருந்தால்தான் மலைக்கு வரமுடியும். அதுவும் போதாமல், 2025 ஏப்ரலில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பு கட்டினார்கள். ஏற்கெனவே ரோடு இருக்கிற ஊரே தாங்காமல் நீதிமன்றம் கணக்குப் பார்த்து விடவேண்டிய நிலைமை. இதே கூட்டத்தை மதிகெட்டான் சோலைக்குள்ளும் வந்தரவுப் புல்வெளிக்கும் அனுப்பச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ரோடு மூடின இந்த முப்பது வருஷத்துக்கு மேலான காலத்தில் அங்கே என்னவெல்லாம் வந்து குடியேறியிருக்கிறது என்பது வனத்துறைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பேரிஜம் பக்கம் யானை நின்றால் அன்றைக்கு யாருக்கும் அனுமதி இல்லை என்று நிறுத்துகிறீர்கள், அது சரிதான். பாம்பாடும் சோலை 2003இல் தேசியப் பூங்கா ஆனது. நம் பக்கம் 2013இல் 608.95 சதுர கிலோமீட்டரைக் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1980ஆம் வருஷ வனப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறவரை அங்கே ஒரு லாரி ஜல்லி கொட்டுவதற்கும் டெல்லி வரை போய்க் கேட்கவேண்டும். 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணித் தீயில் 23 பேர் போனார்கள். இதே மலைத்தொடர்தான். காடு தெரியாதவர்களைக் காட்டுக்குள் கூட்டமாக விட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்குப் பார்த்துவிட்டோம். மேடையில் ஏறி 'ரோட்டைத் திறப்போம்' என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆகவே ரோடு மூடியே இருக்கட்டும். அதன் கதை மட்டும் இப்படிப் பாதி பாதியாகத் திரிவதுதான் எனக்கு வலிக்கிறது. எஸ்கேப் ரோடு என்று சொல்லிச் சொல்லி, அது வெள்ளைக்காரர்களுக்காகப் போட்டு, உபயோகப்படாமல் போன ஒரு ரோடு என்று ஆகிவிட்டது. கோஷனுக்குப் பேர் இருக்கிறது, மோயருக்குப் பேர் இருக்கிறது, ஹாமில்டனுக்கு இருக்கிறது. கல் உடைத்தவர்களுக்கும், வருஷா வருஷம் பாலம் தூர் எடுத்தவர்களுக்கும் ஒரு வரி இல்லை.

நெடுஞ்சாலைத் துறையிடம் பழைய கோப்புகள் இருக்கும். எந்த வருஷம் எந்தப் பாலம் கட்டியது, எந்தச் சுவர் எப்போது சரிந்து எப்போது கட்டியது, எந்தக் கேங்கில் எத்தனை பேர், கூலி என்ன என்று எல்லாம் பதிவாகியிருக்க வேண்டும். கறையான் அரிப்பதற்கு முன்னால் அவற்றை எடுத்து ஒரு புத்தகமாகத் தொகுத்துப் போடுங்கள். அந்த ரோட்டில் வேலை செய்தவர்களும் லாரி ஓட்டியவர்களும் பூம்பாறை, மன்னவனூர், பூண்டிப் பக்கம் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். எல்லோருக்கும் எழுபது தாண்டிவிட்டது. ஒரு ஆளை ஒரு ரெக்கார்டரோடு அனுப்பினால் ஒரு மாதத்தில் முடிகிற வேலை. கேரளத்துக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மிச்சப் பாதி கதை வட்டவடையில் இருக்கிறது. பலகை தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும்.

வனத்துறையிடம் ஒன்று. அந்நிய மரங்களை அகற்றுகிற வேலை நடக்கும்போது, புதருக்குள் பர்லாங் கல் தட்டுப்பட்டால் அதைப் பெயர்க்காமல் இருந்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். அது காட்டுக்கு ஒரு கெடுதலும் செய்யாது. இன்னொன்றையும் கேட்கிறேன், முடியாது என்றால் ஏற்றுக்கொள்கிறேன். வேலப்பர் தேர் சமயத்தில் வருஷத்தில் ஒரே ஒரு நாள், இரண்டு பக்கத்து ஊர்ச் சனத்திலும் இருபது முப்பது பேர், உங்கள் காவலர் முன்னே போக, கிளாவரைத் தடத்தில் நடந்து வந்து போக வழி செய்ய முடியுமா? வண்டி வேண்டாம், கடை வேண்டாம், கேமராக் கூட்டம் வேண்டாம். யானை இருந்தால் அந்த வருஷம் வேண்டாம்.

அத்தைக்கு இப்போது நடக்க முடியாது. அவர் பேரப்பிள்ளைகள் நடப்பார்கள். எங்கள் தேரை அவர்கள் போனில்தான் பார்த்திருக்கிறார்கள்.

அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டு விட்டுப் போயிருக்கிறார். பள்ளிக்கூட நோட்டு, அட்டை போய்விட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பர்லாங் எண், அதற்குக் கீழே பாலம் எத்தனை, எதில் கல் அசைகிறது, எதில் ஊற்று வருகிறது, எந்த வளைவில் மண் இறங்கும் என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். சில பக்கத்தில் கூட வேலை செய்தவர்களின் பேர். எழுத்துப்பிழை உண்டு, அளவில் பிழை இருக்காது. நீங்கள் அந்தக் கதையை எழுத உட்காருகிற அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். நோட்டை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பூம்பாறையிலிருந்து,
ஒரு சாலைப் பணியாளரின் மகள்